கடை வாசலில் நிற்கும் சட்டம்

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை வந்தது. குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் 2013இல் விதிக்கப்பட்ட தடை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இப்படியோர் அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் நம் ஊடகங்களில் ஏறத்தாழ ஒரே விவாதம்தான் நடக்கிறது. மக்களின் உடல்நலத்தைக் காக்க அரசு இன்னும் கடுமை காட்ட வேண்டும் என்று ஒருவர் பேசுவார். பெருநிறுவனங்களை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிக்காரனின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று இன்னொருவர் பேசுவார். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே சட்டத்தின் ஒரு முனையை மட்டுமே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த முனை கடை வாசல். பொருள் கடைக்கு வந்து சேருவதற்கு முன்பு அதற்கு என்ன நடந்தது, அதைச் சோதிக்கும் ஆய்வகம் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு நஞ்சு இருந்தால் பரவாயில்லை என்ற அளவை யார் எழுதுகிறார்கள் ஆகிய கேள்விகள் நம் அரசியலுக்குள் வருவதே இல்லை.

நான் மளிகைக் கடைக் குடும்பத்தில் பிறந்தவன். அதனால் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். மற்ற பல பொருள்களில் வாங்குபவரின் கண்ணும் கையும் ஓரளவுக்குக் காவல் இருக்கும். துணி சாயம் போனால் அடுத்த முறை அந்தக் கடைக்கு நாம் போகமாட்டோம். உணவில் அந்தக் காவல் செல்லாது. மஞ்சள்தூளுக்குப் பளிச்சென்ற நிறம் தருவதற்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட்டை நாக்கு கண்டுபிடிக்காது. மிட்டாய்க்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் ரோடமைன்-பி என்ற துணிச்சாயத்தைக் குழந்தை விரும்பித்தான் வாங்கும். ஈயம் உடலில் சேர்ந்து கேடு விளைவிக்க ஆண்டுகள் ஆகும் என்பதால், அப்போது எந்தக் கடையைக் குறைசொல்வது என்பதும் தெரியாது. நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் வித்தியாசம் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு விற்பவர்தான் முதலில் தோற்பார், ஏனென்றால் அவருடைய விலை கூடுதலாக இருக்கும். ஆகவே நேர்மையான வியாபாரிக்கே அரசின் கண்காணிப்பு முதல் தேவை. எந்த இடத்தில், எந்த முறையில் என்பதில்தான் எனக்கு வழக்கு.

உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டம் நமக்குப் புதிதல்ல. மதராஸ் மாகாணத்தில் 1918இலேயே கலப்படத் தடைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் வந்தது. 'ஃபுட் இன்ஸ்பெக்டர் சாம்பிள் எடுக்கிறார்' என்ற செய்தி கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிக் கடைகளின் கதவுகள் இறங்கிவிடும் காலம் அது. கலப்படம் செய்தவர்கள் மட்டும் அப்படி இறக்கவில்லை. பருப்பையும் எண்ணெயையும் மண்டியிலிருந்து வாங்கி அப்படியே விற்பவர்களும் இறக்கினார்கள். விற்ற பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்பது சட்டத்தின் அடிப்படை. உரிய உற்பத்தியாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ எழுத்துமூலமான வாரண்டியுடன் வாங்கி, வாங்கியபடியே விற்றதாக நிரூபித்தால் மட்டுமே சில்லறைக் கடைக்காரர் தப்பலாம். அப்படியொரு ரசீதை மண்டியில் கேட்டால், 'வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் வேறு கடை பார்' என்ற பதில்தான் வரும். எங்கள் கடையில் அப்பா ரசீதுகளைக் கம்பியில் குத்தி ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார். அவற்றில் பாதி வெறும் துண்டுச்சீட்டு. நீதிமன்றத்தில் அவை எதற்கும் உதவியிருக்கமாட்டா.

அந்தச் சட்டத்தின் கடுமை 1976 திருத்தத்தால் மேலும் கூடியது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் ஆறு மாதச் சிறை என்று எழுதிவைத்தார்கள். ஆனால் கடுமையான தண்டனை விரைவான தண்டனையாக இல்லை. ஹரியானாவில் 1982இல் ஒரு கடையில் எடுக்கப்பட்ட மஞ்சள்தூள் மாதிரி குறித்த வழக்கில், கீழ் நீதிமன்றம் 1995இல் விடுதலை செய்தது, உயர் நீதிமன்றம் 2009இல் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் 2020இல் மறுபடியும் விடுவித்தது. மாதிரியில் உயிருள்ள புழுக்கள் இருந்ததாகச் சொன்ன ஆய்வறிக்கை, அது மனிதர் உண்ணத் தகாதது என்று சொல்லத் தவறியிருந்தது. ஒரு பொட்டலம் மஞ்சள்தூளின் தலைவிதியை முடிவு செய்ய 38 ஆண்டுகள். அந்த மனிதர் குற்றவாளியாக இருந்திருந்தால் அவருடைய வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சட்டத்தால் எந்தப் பயனும் இல்லை; நிரபராதியாக இருந்திருந்தால் ஒரு வாழ்நாளே நீதிமன்றப் படிக்கட்டில் கழிந்திருக்கிறது.

இந்த அனுபவத்திலிருந்துதான் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் பிறந்தது. சிதறிக் கிடந்த எட்டுச் சட்டங்களும் ஆணைகளும் ஒன்றாயின. தரக்குறைவு, தவறான லேபிள், சுகாதாரக்கேடு போன்றவை குற்ற வழக்கிலிருந்து விலக்கப்பட்டு, அபராதத்தோடு முடிகிற விஷயங்களாயின. தமிழ்நாட்டில் அந்த விசாரணையை நடத்துபவர் மாவட்ட வருவாய் அலுவலர். உணவின் தரம் தொடர்பான குற்றங்களில், உண்மையிலேயே உடலுக்குக் கேடான உணவுக்கு மட்டும் சிறைத்தண்டனை இருக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். எடுக்கும் மாதிரியை நான்காகப் பிரித்து, கடைக்காரர் கேட்டால் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்ற உரிமையும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் பழைய சட்டத்தைவிட இது எவ்வளவோ நியாயமானது.

ஆனாலும் அது 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. பழைய கடைகள் உரிமம் பெறுவதற்கான கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 2016 வரை இழுத்தது. பன்னாட்டு நிறுவனங்களுக்காகவே எழுதப்பட்ட சட்டம் என்ற அவர்களுடைய குற்றச்சாட்டை மேடைப்பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும், அதைத் தாண்டினால் உரிமம் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் அது நாளொன்றுக்குச் சுமார் 3,300 ரூபாய் வியாபாரம். எண்ணெய், சர்க்கரை, பருப்பு விற்கும் தெருமுனைக் கடைகூட அதைத் தாண்டிவிடும். அதில் கடைக்காரருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். விற்றுமுதலைப் பார்த்து ஒருவரைப் பெரிய வியாபாரி என்று முடிவு செய்தவர்கள் மளிகைக் கல்லாவின் பின்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

எண்ணெய் விவகாரத்தை இதற்குச் சரியான எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1998 ஆகஸ்டில் டெல்லியில், பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடலில் நீர் கோத்து வீங்கும் நோய் நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பிடித்தது. அதன் பின்னர் சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெய்க்கு எதிராகவும், பொட்டலத்தில் அடைத்த எண்ணெய்க்கு ஆதரவாகவும் விதிகள் வந்தன. இறந்தவர்கள் உண்மை, ஆகவே அரசு கைகட்டி நின்றிருக்க முடியாது. அதே நேரத்தில், பொட்டலம் போட இயந்திரம் வாங்க முடியாத செக்குக்காரரும், நாள்கூலியில் நூறு மில்லி எண்ணெய் வாங்கிச் சமைக்கும் வீட்டுப் பெண்ணும் அந்த விதியால் பாதிக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. கலப்படம் செய்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். இதை எடுத்துச் சொன்னாலே கலப்படத்துக்கு வக்காலத்து வாங்குவதாகப் பேசுவது நம் விவாதங்களின் தரத்தைக் காட்டுகிறது.

இனி அந்தத் தடைகளுக்கு வருகிறேன். 2006 சட்டத்தின் 30ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்தைக் கருதி எந்த உணவுப்பொருளையும் மாநிலம் முழுவதும் ஓராண்டுக்கு மிகாமல் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தருகிறது. சட்டமன்றத்தில் விவாதம் தேவையில்லை. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும். திடீரென்று நஞ்சு பரவினால் உடனே தடுக்க இப்படியோர் அதிகாரம் அவசியம்தான். மயோனைஸ் தடை அந்த நோக்கத்துக்குப் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். வேகவைக்காத முட்டை, நம் வெயில், குளிர்பதனப் பெட்டி இல்லாமல் மணிக்கணக்கில் வெளியில் இருக்கும் கிண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வயிற்றுநோய் தரும் சால்மோனெல்லா கிருமிக்கு வேறென்ன வேண்டும்? பொருளை முழுதாகத் தடுக்காமல், ஆபத்தான செய்முறையை மட்டும் தடுத்தார்கள். முட்டையில்லாத மயோனைஸுக்குத் தடை விதிக்கவில்லை.

பஞ்சுமிட்டாய்க்கு அந்த நியாயம் பொருந்தவில்லை. ரோடமைன்-பி உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட நிறமே அல்ல. அதைச் சேர்த்துச் செய்த எந்தப் பண்டமும் ஏற்கெனவே சட்டப்படி பாதுகாப்பற்ற உணவு. விற்றவர்மீது வழக்குப் போட அன்றைக்கே அதிகாரம் இருந்தது. புதிய தடையால் சட்டத்துக்குக் கிடைத்தது எதுவுமில்லை. சர்க்கரையை மட்டும் சுழற்றி வெள்ளையாக விற்பவனும், துணிச்சாயம் கலந்து விற்பவனும் ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள் என்பதுதான் மிச்சம். அந்தச் சாயம் எந்த மொத்தக் கடையிலிருந்து வந்தது, உணவு நிறம் என்று சொல்லி அதை விற்றவர் யார் என்று தேடிப் போயிருந்தால் ஜாங்கிரிக்கும் கோபி மஞ்சூரியனுக்கும் போகும் நிறத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். அது மெதுவான வேலை, செய்தியாகாது. மூங்கில் கழியில் இளஞ்சிவப்புப் பைகளைத் தொங்கவிட்டுக் கடற்கரையில் நடக்கும் வடமாநிலத்து இளைஞனைப் பிடிப்பது எளிது, படமும் கிடைக்கும்.

குட்கா விஷயத்தில் இந்தப் பிரிவின் எல்லையே நீதிமன்றத்துக்குப் போனது. அவசர நிலைக்காகக் கொடுக்கப்பட்ட ஓராண்டு அதிகாரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து நிரந்தரத் தடையாக்க ஆணையருக்கு அதிகாரமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்திவைத்தது. குட்கா ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வாய்ப்புற்று நோயாளிகளைப் பார்த்தவர் எவருக்கும் இருக்காது. ஆனால் பத்தாண்டுக்கும் மேலாக நீடிக்கும் ஒரு கொள்கையை, சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றாமல், ஓர் அதிகாரியின் ஆண்டு அறிவிப்பிலேயே ஓட்டுவது ஏன்? சட்டமாகக் கொண்டுவந்தால் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். தடைக்குப் பிறகும் எல்லாப் பெட்டிக்கடைகளிலும் அது எப்படிக் கிடைக்கிறது என்பது முதல் கேள்வியாக இருக்கும். தடை நடப்பில் இருந்த காலத்தில்தான், குட்கா விற்பனையைக் கண்டுகொள்ளாமல் இருக்க அமைச்சருக்கும் காவல் துறை உயர் அதிகாரிகளுக்கும் பணம் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2018இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சிபிஐயிடம் போனது.

மேற்சொன்னவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பால். உணவுப் பாதுகாப்பு பற்றிய நம் அரசியல் பேச்சுக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

2011இல், 2006 சட்டப்படி அமைந்த தேசிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) நாடெங்கும் 1,791 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 68.4 விழுக்காடு தரநிர்ணயத்துக்குப் பொருந்தவில்லை என்று அறிக்கை வந்தது. அடுத்த நாள் முதல் 'இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு பால் விஷம்' என்று பேச ஆரம்பித்தவர்கள் இன்றுவரை நிறுத்தவில்லை. பொருந்தாமைக்கு முதன்மையான காரணம், கொழுப்பும் இதர திடப்பொருளும் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக இருந்தது, அதாவது தண்ணீர். பாலில் தண்ணீர் ஊற்றுவது ஏமாற்று. அந்தத் தண்ணீர் அசுத்தமானால் நோயும் வரும். ஆனால் யூரியாவும் சோப்புத்தூளும் கலந்த செயற்கைப் பாலோடு அதை ஒரே எண்ணில் அடக்குவது உண்மையைத் திரிப்பது. பால் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. உச்ச நீதிமன்றமும் 2016இல், தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தத்தை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது.

தமிழ்நாட்டில் 2017இல் இது வேறு வடிவம் எடுத்தது. தனியார் நிறுவனங்கள் பால் கெடாமல் இருக்க இரசாயனம் சேர்க்கின்றன, அதனால் புற்றுநோய் வருகிறது என்று அப்போதைய பால்வளத் துறை அமைச்சர் கே.டி. ராஜேந்திர பாலாஜி வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. ஆதாரமின்றி அந்த நிறுவனங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பல வாரங்கள் தேநீர்க் கடைகளில் இதே பேச்சு. அரசே நடத்தும் ஆவினுக்குப் போட்டியாளர்களைப் பற்றி ஆவினுக்குப் பொறுப்பான அமைச்சரே தீர்ப்பு வழங்குகிறார் என்பதில் உள்ள முரண்பாட்டைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். வீட்டில் பால் காய்ச்சும் மக்களுக்குக் கடைசிவரை எந்த விடையும் கிடைக்கவில்லை.

விடை மறு ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் வந்தது. 2018 மே முதல் அக்டோபர் வரை 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. யூரியா, சோப்புத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று கண்டறியப்பட்ட மாதிரிகள் மொத்தம் 12. அந்தப் பன்னிரண்டும் தெலங்கானா, மத்தியப் பிரதேசம், கேரளா ஆகிய மாநிலங்களில் எடுக்கப்பட்டவை. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88.

இந்த நச்சைப் பாலில் யாரும் கொண்டுவந்து கலப்பதில்லை. கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவை ஈரத்தில் கிடந்தால் அவற்றில் ஒருவகைப் பூஞ்சை வளர்கிறது. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் பி1ஐத் தீவனத்தோடு தின்னும் மாட்டின் ஈரல், அதை எம்1 ஆக மாற்றிப் பாலில் விடுகிறது. காய்ச்சினாலும் பாஸ்சுரைஸ் செய்தாலும் அது அழியாது. ஈரல் புற்றுநோய்க்குக் காரணமான நச்சுக் குடும்பம் இது. ஆக, பாலில் புற்றுநோய்க் காரணி இருக்கிறது என்ற பேச்சு முழுப் பொய்யல்ல. அமைச்சர் காட்டிய இடத்தில்தான் அது இல்லை. கேனைத் திறந்து பார்த்துப் பால்காரரைப் பிடிக்கும் அதிகாரி, எத்தனை கேன்களைத் திறந்தாலும் இதைத் தடுக்க முடியாது. அறுவடைக்குப் பின் கடலையைச் சரியாக உலர்த்துவது, கிட்டங்கியில் ஈரம் புகாமல் பார்ப்பது, பிண்ணாக்கு மூட்டையைச் சோதிப்பது, பால் சேகரிப்பு நிலையத்தில் இந்த நச்சுக்கான பரிசோதனையை வழக்கமாக்குவது என்று வேலை முழுவதும் கடைக்கு வெகுதூரத்தில், வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் நடுவில் கிடக்கிறது. இந்த நச்சு வரம்பு மீறிய பால் மாதிரிகள் இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் அதிகம் என்று ஒரு தேசிய அமைப்பு அறிவித்த பிறகும், அது இங்கே ஒரு தேர்தல் பிரச்சினையாகவில்லை. கைது செய்ய ஓர் ஆள் கிடைக்காத குற்றத்தில் நம் கட்சிகளுக்கு ஆர்வம் வருவதில்லை போலும்.

ஆய்வகங்களின் நிலையை நாடு கவனித்தது 2015இல் மேகி நூடுல்ஸ் விவகாரத்தில்தான். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுக்கப்பட்ட மாதிரியில், 2.5 என்ற வரம்புக்கு எதிராகப் பத்து லட்சத்தில் 17.2 பங்கு ஈயம் இருப்பதாகக் கொல்கத்தா மைய ஆய்வகம் சொன்னது. ஜூன் 5 அன்று தேசிய ஆணையம் நாடு முழுவதும் அதை நிறுத்தியது. தமிழ்நாடு அதற்கு முந்தைய நாளே மேகி உட்பட நான்கு நூடுல்ஸ் வகைகளுக்கு மூன்று மாதத் தடை விதித்திருந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பை முறையாகக் கேட்கவில்லை என்பதோடு, சோதித்த ஆய்வகங்களுக்குச் சட்டப்படியான அங்கீகாரமே இல்லை என்பதும் காரணம். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதித்தபோது ஈயம் வரம்புக்குள் இருந்தது. இதில் நிறுவனம் சுத்தமானது என்றோ அரசு அத்துமீறியது என்றோ கட்சி கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. எது உண்மை என்று நம்பிச் சொல்லக்கூடிய ஆய்வகம் அரசிடம் இல்லாமல் போனதுதான் அந்த வழக்கில் வெளிப்பட்டது. வசதியுள்ள பன்னாட்டு நிறுவனம் உயர் நீதிமன்றம் வரை போய் அந்த ஓட்டையைக் காட்டியது. அதே ஆய்வகங்களின் அறிக்கையால் அபராதம் கட்டிய சிறு கடைக்காரர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல், மத்தியத் தணிக்கைத் துறை தன் அறிக்கையில் மாநில அரசுகளின் 72 உணவு ஆய்வகங்களில் 65க்குத் தேசிய அங்கீகாரம் இல்லை என்று எழுதியது. தகுதியுள்ள பகுப்பாய்வாளர்களும் இயங்கும் கருவிகளும் போதவில்லை என்றும் சொன்னது. பஞ்சுமிட்டாய்க்குக் கிடைத்த கவனத்தில் கால்பங்குகூட அந்த அறிக்கைக்குக் கிடைக்கவில்லை.

நம்பகமான ஆய்வகமும், முடிவுகளை முறையாக வெளியிடும் வழக்கமும் இல்லாத இடத்தில் அறிக்கை எவர் கைக்கும் ஆயுதமாகும். 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் பற்றிய ஆய்வறிக்கை ஒன்று கட்சி அலுவலகத்திலிருந்து வெளியானதைப் பார்த்தோம். நெய்யில் வேறு கொழுப்பு இருக்கலாம் என்று சொன்ன அதே அறிக்கை, மாட்டின் தீவனநிலை போன்ற காரணங்களால் தவறான முடிவு வரவும் வாய்ப்புண்டு என்று குறிப்பிட்டிருந்தது. அந்தக் குறிப்பைப் படித்துக் காட்ட மேடையில் யாருக்கும் நேரமில்லை. கடவுளையாவது அரசியலிலிருந்து விலக்கிவையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லும் நிலை வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், சிவபக்தர்கள் கங்கை நீர் சுமந்து செல்லும் கன்வர் யாத்திரை வழியிலுள்ள உணவகங்கள் உரிமையாளர் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேசக் காவல்துறை பிறப்பித்த உத்தரவை அதே நீதிமன்றம் நிறுத்திவைத்திருந்தது. உணவு பற்றிய விதிகளைச் சட்டப்படியான உணவு அதிகாரி கையாளலாம், அந்த இடத்தைக் காவல்துறை பிடித்துக்கொள்ள முடியாது என்பது அப்போது சொல்லப்பட்டது. சமைப்பவரின் சாதியும் மதமும் எந்தக் கிருமியைக் கொல்லும் என்று விளக்குவோர் இருந்தால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

தரநிர்ணயம் எழுதப்படும் மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருநிறுவனங்களின் செல்வாக்கு கடைச் சோதனையில் வெளிப்படுவதைவிட அங்கேதான் கூடுதலாக வெளிப்படுகிறது. தேசிய ஆணையத்தின் அறிவியல் குழுக்களில் தொழில்துறையைச் சேர்ந்தவர்கள் இருந்ததால், 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அவற்றை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பொட்டலத்தின் முகப்பிலேயே உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகம் என்று எச்சரிப்பதா, நட்சத்திரக் குறி போட்டு மதிப்பெண் தருவதா என்ற விவாதம் ஆண்டுக்கணக்காக நீள்கிறது. 2022 வரைவு நட்சத்திரத்தின் பக்கம் சாய்ந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு வைத்தும் காரியம் உடனே முடியவில்லை. 2024 ஏப்ரலில் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி இருப்பதாகச் சொல்லி ஹாங்காங் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. சில வாரங்களுக்குள் ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் சரக்குக்கு இங்கே கட்டாயச் சோதனை அறிவிக்கப்பட்டது. அதே ஏப்ரலில், மசாலாப் பொருள்களில் இந்தியாவில் பதிவுபெறாத பூச்சிக்கொல்லிகளுக்கான பொது எச்ச வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 ஆக உயர்த்தி ஆணையம் ஓர் உத்தரவு வெளியிட்டது. பத்து மடங்கு. தள்ளுவண்டிக்காகக் குரல்கொடுப்பவர்களும் கடுமை வேண்டும் என்பவர்களும் ஒன்றாக நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடம் அது.

மாநில அரசு செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கிண்டி முதல் பாளையங்கோட்டை வரை உள்ள அரசு உணவு ஆய்வகங்கள் மாதந்தோறும் எத்தனை மாதிரிகளைச் சோதித்தன, எதில் என்ன இருந்தது, சட்டம் சொல்லும் 14 நாள்களுக்குள் எத்தனை அறிக்கைகள் வந்தன என்பதை மாவட்டவாரியாக வெளியிடலாம். ஓராண்டுத் தடை அறிவிக்கும்போது அதற்கு ஆதாரமான ஆய்வு முடிவுகளைச் சட்டமன்றத்தில் வைக்கலாம். தீவனத்தைப் பொறுத்தவரை, கறவை மாடுகளுக்கான வணிகத் தீவனம் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று தேசிய ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அமலாகும் தேதி பிறகு தள்ளிப்போடப்பட்டது. அந்தத் தள்ளிவைப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டில் ஒரு தொலைக்காட்சி விவாதமும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஆவின் தன் சங்கங்களுக்குக் கொடுக்கும் தீவனத்திலும், சங்கங்களிலிருந்து எடுக்கும் பாலிலும் அஃப்ளாடாக்சின் அளவைத் தொடர்ந்து சோதித்து, தன் சொந்தப் பாலின் எண்களையும் மறைக்காமல் வெளியிடுவதற்கு எந்த மத்திய உத்தரவும் தேவையில்லை.